வயலினை அனுப்புங்கள், வீணை காத்திருக்கட்டும்

கேள்வி: எங்கள் அப்பா வாசித்த வயலினும் அம்மாவின் வீணையும் என் வீட்டில் இருக்கின்றன. தங்கை வெளிநாட்டில் வசிக்கிறாள். அவளும் அவள் மகளும் வாசிப்பவர்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது. சும்மா கிடப்பதைவிட அவர்களிடம் போகட்டும் என்று முடிவு செய்தேன். கூரியர் அலுவலகத்தில் விசாரித்தபோது, "பப்பிள் ராப் சுற்றி, ‘உடையும் பொருள்’ என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடுகிறோம், கவலைப்படாதீர்கள்" என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டையும் பத்திரமாக அனுப்ப என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் மனம் ஒப்பாமல் போனது நல்லதாயிற்று. வாத்தியங்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வயலினை அனுப்பலாம், சரியாகக் கட்டினால் பத்திரமாகப் போய்ச் சேரும். வீணையைக் கூரியரில் அனுப்பாதீர்கள்.

ஸ்டிக்கரை ஒட்ட வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதை நம்பி எதையும் விடக் கூடாது. பெரிய கூரியர் கிடங்குகளில் பெட்டிகள் நகரும் பட்டைகளில் ஓடி, சரிவுகளில் சறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிகின்றன. அங்கே ஸ்டிக்கரைப் படித்துப் பக்குவமாகத் தூக்கி வைக்க யாருக்கும் நேரமில்லை. பொதிகளின் தாங்குதிறனைச் சோதிப்பதற்கென்று ‘இஸ்டா’ என்ற பன்னாட்டு அமைப்பு சில முறைகளை வகுத்திருக்கிறது. அவற்றுள் எளிய முறையிலேயே, 10 கிலோவுக்குக் குறைவான பெட்டியை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை கீழே போடுகிறார்கள்: ஒரு முறை மூலையில், மூன்று முறை விளிம்புகளில், ஆறு முறை ஆறு பக்கங்களிலும். ஏறக்குறைய ஒரு மேசையின் உயரம் அது. உங்கள் பெட்டியும் அப்படி விழத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டு கட்டுங்கள்.

என்னிடம் உடைந்து வரும் வாத்தியங்களில் பலவற்றுக்கு வெளி அட்டைப்பெட்டியில் ஒரு நசுங்கல்கூட இருப்பதில்லை. வெளியே அடுக்கடுக்காகப் பப்பிள் ராப் சுற்றியிருப்பார்கள். உள்ளே, வாத்தியத்தின் சொந்தப் பெட்டிக்குள், வயலின் ஒரு விரற்கடை இடத்தில் ஆடிக்கொண்டே பயணம் செய்திருக்கும். பெட்டி விழுந்து சட்டென்று நிற்கும்போது உள்ளிருப்பது நிற்பதில்லை. அதே வேகத்தில் போய்ச் சுவரில் மோதுகிறது. கிதார்களில் கழுத்து முறிவதும் இப்படித்தான். முறுக்காணிகளின் எடையைத் தாங்கும் தலைப்பகுதி, அடியில் எந்தத் தாங்கலும் இல்லாமல், விழுந்த வேகத்தில் பின்னுக்கு ஒடிந்துவிடுகிறது. ஆகவே உங்கள் உழைப்பில் முக்கால் பங்கு வயலின் பெட்டிக்குள்ளேயே செலவாகட்டும்.

முதலில் தந்திகள். நான்கு தந்திகளும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் வயலினை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அந்த இழுவையோடு பெட்டி விழுந்தால் அதிர்ச்சி, தந்திகளைத் தாங்கி நிற்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டின் கால்கள் வழியாக மேல்பலகையில் இறங்கும். ஒவ்வொரு தந்தியையும் ஏறக்குறைய ஒரு முழு ஸ்வர அளவு இறக்குங்கள். அதற்குமேல் வேண்டாம். தந்திகளை முழுவதும் தளர்த்துவதுதான் பத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள்; வயலினைப் பொறுத்தவரை அது தவறு. மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவே சவுண்ட் போஸ்ட் என்ற சிறு குச்சி நிற்கிறது. அது பசை வைத்து ஒட்டப்பட்டதன்று. பலகைகள் இரண்டும் தரும் அழுத்தத்தில் மட்டுமே நிற்கிறது. தந்திகள் முழுவதும் தளர்ந்தால் குதிரை சாயும், குச்சியும் விழக்கூடும். விழுந்த குச்சியைத் துளை வழியாக மறுபடி அதன் இடத்தில் நிறுத்த அதற்கென்ற கருவியும் பழகிய கையும் வேண்டும். உங்கள் தங்கை இருக்கும் ஊரில் அப்படி ஒருவர் கிடைப்பாரா என்பது தெரியாதபோது, குதிரையையும் குச்சியையும் நின்றபடியே அனுப்புவதுதான் என் யோசனை. தந்தியை முறுக்கும் ஆணிகளான பிருடைகளைத் திருப்பும்போது குதிரை முன்னோ பின்னோ சாய்கிறதா என்று பக்கவாட்டில் பாருங்கள். தந்திகளின் அடிமுனையைப் பிடித்திருக்கும் டெயில் பீஸ் பக்கம் உள்ள அதன் முகம் மேல்பலகைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும்.

அடுத்து, மெத்தை வைக்க வேண்டிய இடங்கள். டெயில் பீஸின் அடியில் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வையுங்கள். வழியில் எப்படியோ குதிரை விழுந்துவிட்டால், அங்குள்ள சிறு உலோகத் திருகாணிகள் மேல்பலகையைக் குத்திக் கிழிக்காமல் இருக்க இது. விரல் பலகையின் நுனிக்கும் மேல்பலகைக்கும் நடுவிலும் ஒரு மடிப்பு வேண்டும். இடைவெளியை நிரப்பினால் போதும்; திணித்து நெம்பக் கூடாது. கழுத்தைப் பெட்டியில் உள்ள பட்டையால் கட்டுங்கள். சுருள் தலையைச் சுற்றியுள்ள வெற்றிடத்தைத் துணியால் நிரப்புங்கள். மூடியை மூடும்போது அது குதிரையைத் தொடக் கூடாது. தொடுகிறதா என்று தெரிந்துகொள்ள, குதிரையின் உச்சியில் சிறு காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடித் திறந்து பாருங்கள். காகிதம் நசுங்கியிருந்தால் அந்தப் பெட்டி இந்தப் பயணத்துக்கு உதவாது. துணி உறை மட்டும்தான் இருக்கிறது என்றால், தயவுசெய்து கெட்டியான பெட்டி ஒன்று வாங்குங்கள். வயலினின் முதுகு பெட்டியின் தரையைத் தொடாமல் இரு முனைகளிலும் தாங்கிப் பிடிக்கும் வகையில் செய்த பெட்டிகள் கிடைக்கின்றன. செலவைக் குறைக்க வேண்டுமென்றால் வேறு எதிலாவது குறையுங்கள், இதில் வேண்டாம்.

வில்லின் மயிரைத் தளர்த்திவிடுங்கள். மூடியில் வில்லைப் பிடித்திருக்கும் திருகு உறுதியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். பழைய பெட்டிகளில் இது தேய்ந்திருக்கும். வழியில் கழன்ற வில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் வார்னிஷைக் கீறிக்கொண்டே போகும். சந்தேகம் இருந்தால் வில்லை வெளியே எடுத்து, துணி சுற்றி, பிவிசி குழாய் ஒன்றில் போட்டு, இரு முனைகளையும் நுரைப்பஞ்சால் அடைத்துத் தனியே வையுங்கள். வில்லில் தேய்க்கும் ரோசின் கட்டி, தோள் தாங்கி, மாற்றுத் தந்திகள், சுருதி பார்க்கும் கருவி எல்லாமும் வயலின் பெட்டியிலிருந்து வெளியே வர வேண்டும். பெட்டியின் மூடிய சிற்றறையில் இருந்தாலும் ஒரு ரோசின் கட்டி வெளியேறி வயலினைத் தாக்கும் வலிமை கொண்டது. வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளவும் செய்யும். மின்கருவிகளில் லித்தியம் பேட்டரி இருந்தால் அவற்றை அனுப்பவே வேண்டாம். விமானச் சரக்கில் அதற்குத் தனி விதிகள் உண்டு. அதன்பொருட்டு முழுப் பெட்டியும் வழியில் நிறுத்தப்படலாம்.

இவ்வளவும் ஆன பிறகு பெட்டியை மூடி, இரு கைகளில் பிடித்து, காதருகே வைத்து மெல்லக் குலுக்குங்கள். எந்தச் சத்தமும் வரக் கூடாது. சிறு ‘டக்’ கேட்டாலும் திறந்து, எது ஆடுகிறது என்று கண்டுபிடியுங்கள். இந்தச் சோதனையில் தேறாத பெட்டியை அட்டைக்குள் வைக்காதீர்கள்.

வெளி அட்டைப்பெட்டியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய, ஐந்து அடுக்கு அட்டையாக இருக்கட்டும்; ஒருமுறை பயணம் செய்த அட்டை வலுவிழந்திருக்கும். வயலின் பெட்டியின் ஆறு பக்கமும் சுமார் 7 சென்டிமீட்டர் நுரைப்பஞ்சோ கெட்டியான பப்பிள் ராப்போ இருக்க வேண்டும். கசக்கிய செய்தித்தாளும் தெர்மாகோல் மணிகளும் பயணத்தில் அமுங்கிக் கீழே இறங்கிவிடும்; கனமான பெட்டி அவற்றுக்குள் அமிழ்ந்து அட்டைச் சுவரைத் தொட்டுவிடும். பொருத்துகளை எல்லாம் அகலமான டேப்பால் ஒட்டுங்கள். இரு முகவரிகளையும் தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதி வயலின் பெட்டிக்குள்ளும் போடுங்கள். வெளிச்சீட்டு கிழிந்த பெட்டிகளுக்கு அந்தத் தாள்தான் கதி.

கட்டணம் உங்களைத் திடுக்கிட வைக்கலாம். பன்னாட்டு எக்ஸ்பிரஸ் கூரியர்களில் பெரும்பாலானவை நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுக்கின்றன. வருவது கிலோ கணக்கு. உண்மை எடையைவிட அது அதிகமென்றால் அதற்குத்தான் பணம். 95, 42, 30 சென்டிமீட்டர் அளவுள்ள உங்கள் வயலின் பொதி ஆறேழு கிலோதான் இருக்கும். கணக்கில் அது ஏறக்குறைய 24 கிலோ ஆகிவிடும். இதைப் பார்த்துவிட்டு மெத்தையைக் குறைத்துப் பெட்டியைச் சிறிதாக்கும் ஆசை வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

காப்பீடு பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பன்னாட்டு விமானச் சரக்கு சேதமானால், 1999-ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் இடங்களில், இழப்பீடு பொருளின் மதிப்பைப் பார்த்து வருவதில்லை. எடையைப் பார்த்து வருகிறது. 2024 டிசம்பர் 28 முதல் அதன் உச்சவரம்பு கிலோவுக்கு 26 அலகுகள். அலகு என்றால் பன்னாட்டு நாணய நிதியத்தின் ‘சிறப்பு எடுப்பு உரிமை’ என்னும் கணக்கு அலகு. உங்கள் 7 கிலோ பெட்டிக்கு 182 அலகுகள்தான் அதிகபட்சம். நல்ல வயலினின் மேல்பலகையில் சவுண்ட் போஸ்டுக்கு மேலே விழும் ஒரு விரிசலைச் சரிசெய்யக்கூட அது போதாது. எங்கள் வேலையிலேயே மிகக் கடினமானவற்றில் ஒன்று அந்த விரிசல். அனுப்பும்போதே மதிப்பைத் தனியாக அறிவித்து, அதற்கான கூடுதல் கட்டணத்தைச் செலுத்தினால் இந்த வரம்பு உயரும். ஆனாலும் பல கூரியர்கள் வாத்தியங்களையும் பழம்பொருட்களையும் விலக்குப் பட்டியலில் வைத்திருக்கின்றன. ‘பொதிவு போதாது’ என்று காட்டி மறுக்கவும் வழி வைத்திருக்கின்றன. எனவே மூன்று கேள்விகளை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள்: வாத்தியத்துக்குக் காப்பீடு செல்லுமா, அதிகபட்சத் தொகை என்ன, எந்த வகைப் பொதிவை ஏற்பார்கள்? பதில் மழுப்பலாக இருந்தால் தனியாகச் சரக்குக் காப்பீடு எடுங்கள். அதற்கு, பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் மதிப்புச் சான்று வாங்க வேண்டும். பெட்டியை மூடுவதற்கு முன் எல்லாப் பக்கங்களையும், பழைய கீறல்களையும், உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டையும், கட்டும் ஒவ்வொரு படியையும் படம் எடுத்து வையுங்கள். சுங்கவரியைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதச் சொல்லும் யோசனையும் உங்கள் காதுக்கு வரும். குறைத்து எழுதிய தொகைக்கு மேல் யாரும் ஈடு தரமாட்டார்கள்; அது பொய்ச் சான்றும்கூட.

சுங்கப் படிவத்தில் ‘பயன்படுத்திய வயலின், சொந்த உடைமை, விற்பனைக்கு அன்று’ என்று தெளிவாக எழுதுங்கள். வயலின், கிதார் போன்ற தந்தி வாத்தியங்களின் பன்னாட்டுச் சுங்க வகை எண் 9202. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வாத்தியம் என்று தோன்றினால் முதலில் விசாரியுங்கள். பல நாடுகள் பழம்பொருளை அனுமதியின்றி வெளியே விடுவதில்லை.

மரத்தையும் தந்தத்தையும் பற்றிய விதிகளும் உண்டு. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ‘சைட்டீஸ்’ உடன்படிக்கை 2017 ஜனவரியில் ஈட்டி மரப் பேரினம் முழுவதையும் தன் பட்டியலில் சேர்த்தபோது, வயலின் பிருடைகளுக்கும் கிதார்களுக்கும்கூடச் சிக்கல் வந்தது. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்கு அளித்துவிட்டார்கள். பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. ஆகவே பிருடைகளைப் பற்றி நீங்கள் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. வில்லின் நுனியைத்தான் பாருங்கள். பழைய விற்களில் அங்கே ஒட்டியிருக்கும் வெள்ளைத் தகடு சில நேரம் யானைத் தந்தமாக இருக்கும். தந்தம் என்றால் உரிய அனுமதிச் சான்று இல்லாமல் எல்லை கடக்க முடியாது. வில்லையே பறிமுதல் செய்வார்கள். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்வார்கள், செய்யாதீர்கள். அது செல்லுலாயிடு என்ற பழைய பிளாஸ்டிக் என்றால் தீப்பற்றும். அறிந்தவர் ஒருவர் உருப்பெருக்கியில் பார்த்துச் சொல்லிவிடுவார். சந்தேகம் தீராவிட்டால் வில்லை வீட்டிலேயே வைத்துக்கொண்டு வயலினை மட்டும் அனுப்புங்கள். தங்கை அங்கே வேறு வில் வாங்கிக்கொள்ளட்டும்.

இப்போது வீணை. அம்மாவுடைய வீணை என்பதால், வேண்டாம் என்று சொல்ல எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. விரல் வைக்கும் இடங்களைக் காட்டும் அதன் 24 மெட்டுகளும் தேன்மெழுகும் கரியும் கலந்த படுக்கையில் பதிந்திருக்கின்றன. தேன்மெழுகு உருகுவது 62 டிகிரி செல்சியஸுக்கு மேல். ஆனால் அதற்கு வெகு முன்னாலேயே இளகிவிடும். வெயிலில் நிற்கும் மூடிய வண்டிக்குள் அந்தச் சூடு சாதாரணம். இளகிய மெழுகில் ஒரு குலுக்கல் போதும், மெட்டுகள் நகர்ந்து ஸ்வர ஸ்தானங்கள் குலைந்துவிடும். மறுபடி மெழுகிட்டு மெட்டு வைக்கத் தெரிந்தவர் தங்கையின் ஊரில் இருப்பது அரிது. உருண்டையான குடமும் நீண்ட கழுத்தான தண்டியும் தனித்தனியாகச் செய்து இணைத்த ஒட்டு வீணை என்றால் விழும்போது அதிர்ச்சி முழுதும் அந்த இணைப்பில் இறங்கும். யாளி முகம் வேறு நீட்டிக்கொண்டிருக்கிறது. பழைய வீணைகளின் அலங்கார வேலைப்பாட்டில் தந்தமோ மான் கொம்போ இருப்பது வழக்கம். வயலினை வேண்டுமானால் வில்லை விட்டுவிட்டு அனுப்பலாம், வீணையின் உடம்பிலிருந்து தந்தத்தைப் பெயர்க்க முடியாது. இதற்கெல்லாம் மேல் அளவு: 150, 55, 55 சென்டிமீட்டர் பெட்டி என்றால் கட்டணக் கணக்கில் 90 கிலோவைத் தாண்டுகிறது. அவ்வளவு பெரிய பெட்டியை ஏற்காத கூரியர்களும் உண்டு.

தங்கையோ நம்பிக்கையான உறவினர் ஒருவரோ பயணம் செய்யும்போது, தண்டியின் அடியில் உள்ள சுரைக்காயைக் கழற்றித் தனியே சுற்றி, வீணையின் அளவுக்குச் செய்த கெட்டியான ஃபைபர் பெட்டியில் வைத்து உடன் எடுத்துப் போவதுதான் நல்ல வழி. அதற்கு முன் வேலைப்பாட்டில் உள்ளது என்ன பொருள் என்று எழுத்தில் சான்று வாங்கிவிடுங்கள். ஆள் யாரும் கிடைக்கவே இல்லை என்றால், கலைப்பொருட்களை மட்டுமே கையாளும் சரக்கு நிறுவனத்தை நாடுங்கள். அவர்கள் வீட்டுக்கு வந்து பார்த்துப் பெட்டி செய்வார்கள். மரப்பெட்டி என்றால் ஒட்டுப்பலகையில் செய்யச் சொல்லுங்கள். முழு மரப்பலகையாக இருந்தால் பூச்சிகளைத் தடுக்கும் பன்னாட்டு விதிப்படி அதன் உட்பகுதி 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். ஒட்டுப்பலகைக்கு அந்தத் தேவை இல்லை.

வயலினை வாரத்தின் முதல் நாளில் ஒப்படையுங்கள். வார இறுதியில் ஒப்படைத்தால் இரண்டு நாள் ஏதோ ஒரு கிடங்கில் வெயிலிலோ குளிரிலோ கிடக்கும். கோடை உச்சத்திலும் பண்டிகை நெரிசலிலும் அனுப்ப வேண்டாம்.

உங்கள் தங்கைக்கும் சில செய்திகள் சொல்ல வேண்டும். பெட்டி நசுங்கியிருந்தால் அதைப் படமெடுத்து, ரசீதில் குறிப்பு எழுதிவிட்டே கையெழுத்திட வேண்டும். வந்த உடனே திறக்கக் கூடாது. வீட்டுக்குள் ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். குளிர்ந்த மரத்தையும் வார்னிஷையும் சட்டென்று வெப்பமான அறைக் காற்றுக்குக் காட்டினால் நுண்விரிசல்கள் விழலாம். திறப்பதை முழுவதும் வீடியோ எடுக்கட்டும். அட்டையையும் நுரைப்பஞ்சையும் எறியக் கூடாது. சேதம் என்று புகார் செய்தால் அவற்றைக் கேட்பார்கள். மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சரக்கைப் பெற்றுக்கொண்ட 14 நாட்களுக்குள் சேதத்தை எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். கூரியரின் சொந்த விதியில் இன்னும் குறைவாக இருக்கலாம்; ஆகவே அன்றைக்கே எழுதிவிடுவது நல்லது.

வயலினைக் கையில் எடுத்ததும் மெல்ல ஆட்டிப் பார்க்கட்டும். உள்ளே குச்சி உருளும் சத்தம் கேட்டால் தந்திகளை முறுக்கவே கூடாது. மேல்பலகை தாங்கல் இல்லாமல் அழுந்திவிடும். அப்படியே பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோக வேண்டும். பலகையின் விளிம்பில் ஒட்டு விட்டிருந்தால் பதற வேண்டாம். பலகை பிளப்பதற்கு முன் பொருத்து விடட்டும் என்பதற்காகவே வயலினை விலங்குப் பசையால் ஒட்டுகிறார்கள்; அது எளிதில் சரியாகும் பழுது. ஆனால் கடையில் விற்கும் வெள்ளைப் பசையையோ உடனடிப் பசையையோ வைத்து வீட்டிலேயே ஒட்டிவிடக் கூடாது. எல்லாம் சரியாக இருந்தால் துணி மடிப்புகளை எடுத்துவிட்டு, நான்கு தந்திகளையும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் குதிரை நேராக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே சுருதி சேர்க்கச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நாட்களுக்குச் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும், அது இயல்புதான்.